கதையில் பசி, மேசையில் தீனி: ரோல்பிளே ஆட்டங்களில் அரிய உணவு குறித்து ஒரு மதிப்பாய்வு

கதையில் ஒருவன் உண்ணும்போது, அந்தக் கதையை ஆடுகிறவரும் உண்ண வேண்டுமா? உண்பதானால், கதையில் வரும் உணவையே உண்ண வேண்டுமா, கையில் கிடைத்த முறுக்கு போதுமா? கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு நாடக இலக்கணக்காரர்களும் கூத்துக்காரர்களும் சமூகவியலாளர்களும் உளவியலாளர்களும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு பதில்களைச் சொல்லியிருக்கிறார்கள். அவற்றைத் தொகுத்து எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வி இன்று எழும் இடம் டேபிள்டாப் ரோல்பிளே. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம் இது. கதையை நடத்துகிறவர் கேம் மாஸ்டர். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-இல் வெளியான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த வகையில் விற்பனைக்கு வந்த முதல் ஆட்டம். ஒரு அமர்வு மூன்று நான்கு மணி நேரமாவது ஓடும் என்பதால் தீனி தவிர்க்க முடியாதது. அந்தத் தீனியைக் கதையோடு இணைக்கலாமே என்ற எண்ணத்திலிருந்து ஒரு வழக்கம் கிளைத்தது: உலகத்தில் உண்மையாகவே உள்ள, ஆனால் மேசையில் இருப்பவர்கள் அதுவரை பார்த்திராத உணவுகளைத் தேடிப் பிடித்து, கற்பனை நாட்டின் பண்டமாகப் பரிமாறுவது.

பழைய பதில்கள்: மணற்சோறும் மெய்ச்சோறும்

தமிழில் இந்தக் கேள்வியின் மிகப் பழைய தடயங்களில் ஒன்று அகநானூற்றின் 110-ஆம் பாட்டில் இருக்கிறது. போந்தைப் பசலையார் பாடிய நெய்தல் திணைப் பாட்டு அது. கடற்கரையில் பெண்கள் மணலில் சிறுவீடு கட்டி, மணலையே சோறாகக் குவித்து விளையாடுகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் வந்து, களைத்திருக்கிறேன், இங்கே விருந்துண்டு தங்கினால் என்ன என்று கேட்கிறான். எங்கள் உணவு மீன் உணவு, உம்மைப் போன்றவருக்கு ஏற்றதல்ல என்று பதில் வருகிறது. விளையாட்டுச் சோறு, விருந்து, அயலானுக்கு நம் உணவு ஒத்துக்கொள்ளுமா என்ற தயக்கம் ஆகிய மூன்றும் அந்த ஒரே காட்சியில் சேர்ந்து நிற்கின்றன. பிற்காலத் தமிழ்ச் சிறார் விளையாட்டிலும் இரண்டு வழிகள் அருகருகே இருந்தன. ஒன்று மணலைச் சோறாகப் பாவிப்பது. மற்றது, வீட்டுக்கு வீடு அரிசியும் பருப்பும் கொண்டுவந்து உண்மையாகவே பொங்கி உண்ணும் கூட்டாஞ்சோறு.

செவ்வியல் நாடக இலக்கணம் இவற்றில் பாவனையின் பக்கம் சாய்ந்தது. பத்தாம் நூற்றாண்டில் மாளவத்து முஞ்ச மன்னனின் அவையில் இருந்த தனஞ்சயர் எழுதிய ‘தசரூபகம்’, மேடையில் நேரடியாகக் காட்டக்கூடாதவற்றைப் பட்டியலிடுகிறது. கொலை, போர், நாட்டுக் கலகம், குளியல், கலவி ஆகியவற்றோடு உண்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கேரளத்துக் கூடியாட்டம் இந்தத் தடையைக் கலையாகவே மாற்றிக்கொண்டது. அதில் விதூஷகன் நான்கு புருஷார்த்தங்களை நையாண்டியாக விரித்துரைப்பான். அவற்றில் ஒன்று ‘அசனம்’, அதாவது விருந்து. இலையில் ஒரு பருக்கைகூட இல்லாமல், சொல்லாலும் சைகையாலும் மட்டுமே முழு விருந்தையும் படைத்துக் காட்டுவது அங்கே திறமை.

1957-இல் கே. வி. ரெட்டி இயக்கத்தில் தெலுங்கிலும் தமிழிலும் வந்த ‘மாயாபஜார்’ இன்னொரு வழியைக் கண்டது. எஸ். வி. ரங்காராவின் கடோத்கசன் கல்யாண விருந்தைத் தனியாளாக வழித்துத் துடைக்கும் காட்சி, மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவுத் தந்திரத்தால் நிற்கிறது. பண்டங்கள் தாமாகவே நகர்ந்து வாய்க்குள் போகின்றன. பார்வையாளருக்குச் சுவை கிடையாது, ஆனால் பசி கிளம்பிவிடுகிறது.

இவற்றுக்கெல்லாம் எதிர்முனையில் நிற்பது திரௌபதி அம்மன் திருவிழா. செஞ்சி வட்டாரத்தை மையமாகக் கொண்டு பழைய தொண்டை மண்டலம் முழுதும், இன்றைய சித்தூர், திருப்பதி மாவட்டங்கள் வரை, பாரதக் கூத்தும் தீமிதியும் சேர்ந்த இந்த விழா பரவியிருக்கிறது. திருப்பதி மாவட்டத்துப் புத்தூர் அதற்குப் பெயர்பெற்ற ஊர்களில் ஒன்று. அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-இலும் 1991-இலும் வெளியிட்ட இரு தொகுதிகள் இவ்விழாவைப் பற்றிய விரிவான ஆய்வு. விழாவில் பகாசுரன் வதை நடக்கும் நாளைக் கவனிக்க வேண்டும். ஏகசக்கர நகரத்து மக்கள் நாள்தோறும் ஒரு வண்டிச் சோறும் எருமைகளும் ஓர் ஆளும் அசுரனுக்கு அனுப்ப வேண்டும் என்பது கதை. பல ஊர்களில் அன்று மாட்டு வண்டி ஒன்றில் சோறும் பண்டங்களும் ஏற்றி, பீமன் வேடக்காரரை அதன்மேல் உட்கார வைத்துத் தெருத்தெருவாக இழுத்து வருகிறார்கள். அவர் போகும் வழியெல்லாம் சாப்பிட்டுக்கொண்டே போகிறார், எட்டும் கைகளுக்கும் கொடுக்கிறார். அசுரன் வந்து முதுகில் குத்துகிறான். பீமன் திரும்பியும் பாராமல் அடுத்த கவளத்தை எடுக்கிறான். தெரு சிரிக்கிறது.

இங்கே உணவு அன்றாட உணவுதான். ஆனால் அதைத் தெருவில் நின்று வாங்கி உண்பவர் பார்வையாளராக மட்டும் இல்லை, கொஞ்ச நேரத்துக்கு ஏகசக்கர நகரத்துக் குடியாகவும் ஆகிவிடுகிறார். அதே விழாவில் அர்ச்சுனன் தபசு மரத்தின் உச்சியிலிருந்து எறியும் எலுமிச்சையைப் பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் முந்தானையில் ஏந்துவதும் இதே வகை. கதைக்குள்ளிருந்து ஒரு பொருள் மெய்யுலகுக்குள் விழுகிறது. தசரூபகத்தின் தடையை ஏற்காத ஒரு மரபு, இதே மண்ணில் எந்தக் கொள்கை விளக்கமும் இல்லாமல் நடந்துகொண்டிருக்கிறது என்பதை இன்றைய விவாதங்கள் பெரும்பாலும் கணக்கில் கொள்வதில்லை.

முதல் நிலைப்பாடு: தீனி கதைக்கு வெளியே

இன்றைய ரோல்பிளே குறித்து எழுதியவர்களில் ஒரு சாரார், தீனி ஆட்டத்துக்கு வெளியே நிற்பதே சரி என்று கருதுகிறார்கள். இதற்குக் கோட்பாட்டு ஆதாரமாக எடுத்துக்கொள்ளக்கூடியது சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன் 1983-இல் வெளியிட்ட ‘ஷேர்டு ஃபேன்டசி’. ரோல்பிளே குழுக்களிடையே களஆய்வு செய்து எழுதப்பட்ட முன்னோடி நூல் அது. எர்விங் கோஃப்மனின் சட்டகக் கோட்பாட்டை வைத்துக்கொண்டு, ஆடுகிறவர் ஒரே நேரத்தில் மூன்று தளங்களில் இருக்கிறார் என்றார் ஃபைன். முதல் தளத்தில் அவர் சாதாரண ஆள்: அவருக்குப் பசிக்கும், நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும். இரண்டாம் தளத்தில் விதிகளைக் கணக்கிடும் ஆட்டக்காரர். மூன்றாம் தளத்தில் வாளேந்திய வீரரோ மந்திரவாதியோ. இந்தத் தளங்களுக்கிடையே கணத்துக்குக் கணம் தாவுவதே ஆட்டத்தின் இயல்பு.

இந்தப் பார்வையில் சிப்ஸும் குளிர்பானமும் முதல் தளத்தைச் சேர்ந்தவை. அவை கவனத்தைக் கோருவதில்லை என்பதே அவற்றின் சிறப்பு. கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும், பேச்சை நிறுத்தாமல் மெல்லலாம். அரிய உணவு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால் நிலைமை மாறும். இது என்ன, எங்கே கிடைத்தது, என்ன விலை என்று பேச்சு முதல் தளத்துக்கே இறங்கிவிடும். கதைக்குள் இழுக்க வைத்த பண்டம் கதையிலிருந்து வெளியே தள்ளிவிடும் என்பது இவர்கள் வாதம்.

வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஃபைன் சொன்னதையே முழுதாக எடுத்துக்கொண்டால், தளங்களுக்கிடையே தாவுவது ஆட்டத்தின் குறை அல்ல, இயங்குமுறை. அப்படியானால் உணவால் நேரும் தாவல் மட்டும் ஏன் கெடுதல் என்பதற்கு இந்தத் தரப்பு தெளிவான விடை தருவதில்லை. பகாசுரன் தெருவில் பீமன் கொடுத்ததை வாங்குபவர் இரு தளங்களிலும் ஒரே நேரத்தில் நிற்கிறார், கூத்து கலைந்துவிடுவதில்லை.

இரண்டாம் நிலைப்பாடு: சுவை கதைக்கு வாசல்

எதிர்த் தரப்பு, நாக்கு வழியாகவும் கதைக்குள் போகலாம் என்கிறது. இதன் வரலாற்றைச் சமையல் நூல்கள் காட்டுகின்றன. 1987-இல் டிராகன்லான்ஸ் கதையுலகத்தைச் சார்ந்து மார்கரெட் வைஸும் டிரேசி ஹிக்மனும் தொகுத்த ‘லீவ்ஸ் ஃப்ரம் தி இன் ஆஃப் தி லாஸ்ட் ஹோம்’ நூலில், கதையில் வரும் சத்திரத்து மசாலா உருளைக்கிழங்குக்குச் செய்முறை இருந்தது. 2012-இல் வந்த ‘எ ஃபீஸ்ட் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’, ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல்களில் வரும் உணவுகளை இடைக்கால ஐரோப்பியச் செய்முறைகளோடு ஒப்பிட்டுச் சமைத்துக் காட்டியது. தேனிட்ட வெட்டுக்கிளியும் அதில் உண்டு. 2020-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அதிகாரபூர்வச் சமையல் நூலாக ‘ஹீரோஸ் ஃபீஸ்ட்’ வெளியானது. மனிதர், எல்ஃப், குள்ளர் என இனவாரியாக உணவுகளைப் பிரித்துத் தரும் நூல் அது.

தத்துவத்தில் இதற்குத் துணையாகக் கெண்டல் வால்டனைச் சொல்லலாம். 1990-இல் வெளியான நூலில், பாவனை என்பது வெறும் மனக்கற்பனை அல்ல, கையில் உள்ள பொருளைச் சார்ந்து வளர்வது என்று அவர் விளக்கினார். பிள்ளைகள் மண் உருண்டையைப் பலகாரமாக வைத்து விளையாடும்போது, எத்தனை உருண்டை இருக்கிறதோ அத்தனை பலகாரம் கதையில் இருக்கிறது. பொருளைத் தொட்டால் கதை அசைகிறது. அப்படியானால் உண்ணத்தக்க பொருள் கதையை இன்னும் நெருக்கமாக அசைக்கும் அல்லவா?

இங்கே ஒரு சிக்கல். மண் உருண்டை நன்றாக வேலை செய்வதே அதை யாரும் உண்மையில் உண்ணாததால்தான். உண்ணத் தொடங்கியதும் பண்டத்துக்குச் சொந்த வாழ்வு வந்துவிடுகிறது. உப்புக் குறைந்தால் குறைந்ததுதான், எல்ஃப் அரசியின் விருந்து என்று சொல்லி அதைச் சரிக்கட்ட முடியாது. இரண்டாவது குறை, மேற்சொன்ன நூல்களின் அடித்தளம் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்கச் சமையல். கற்பனை உலகம் என்ற பெயரில் ரொட்டியும் சூப்பும் வாட்டிய இறைச்சியும் வருகின்றன. அந்தச் சமையலில் வளர்ந்தவருக்கு அது பாட்டி வீட்டு வாசம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவருக்கு அதுவே அயல் உணவு. ஒரே தட்டு இரண்டு மேசைகளில் இரண்டு வேலை செய்கிறது.

மூன்றாம் நிலைப்பாடு: விசித்திரமே வேண்டும்

சமைத்துச் செயற்கையாக உருவாக்குவதைவிட, உலகத்தில் ஏற்கெனவே இருக்கும் அபூர்வங்களே வேற்றுலகத்துக்குப் பொருத்தம் என்பது மூன்றாம் தரப்பு. நூலிழையாக நீளும் புளித்த சோயாவான ஜப்பானிய நாட்டோ, செதில் போர்த்த சீத்தாப்பழம், உப்பில் ஊறிய கடற்பாசி ஆகியவற்றின் உருவமும் மணமும் தாமே கதை சொல்லும் என்பது நம்பிக்கை.

உளவியலில் இதற்கு ஆதரவும் எச்சரிக்கையும் ஒரே ஆய்வாளரிடமிருந்து கிடைக்கின்றன. பால் ரோசின், டெபோரா ஷில்லருடன் 1980-இல் வெளியிட்ட கட்டுரையில், தொடக்கத்தில் எரிச்சல் தரும் மிளகாயை மனிதர்கள் எப்படி விரும்பக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்தார். உடல் அபாயம் என்று கத்தும்போது, அபாயமில்லை என்று மனம் அறிந்திருப்பதில் ஓர் இன்பம் இருக்கிறது என்பது அவர் பின்னர் விரித்த கருத்து. இருட்டுக் குகைக் கதையில் புதிய பண்டத்தைக் கடிக்கும் ஆட்டக்காரரின் கிளர்ச்சிக்கு இது பொருந்தலாம்.

அதே ரோசின் 1986-இல் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்ட இன்னொரு கட்டுரை மறுபக்கத்தைக் காட்டுகிறது. கிருமிநீக்கம் செய்த செத்த கரப்பானைப் பழச்சாற்றில் தோய்த்து எடுத்த பிறகு, தீங்கில்லை என்று தெரிந்தும் மக்கள் அந்தச் சாற்றை வெறுத்தார்கள். இன்னும் சுவையான சோதனை, ஒரே சர்க்கரையைப் போட்ட இரண்டு புட்டிகள். ஒன்றில் சர்க்கரை என்றும் மற்றதில் சயனைடு என்றும் பங்கேற்றவரே தம் கையால் சீட்டு ஒட்டினார். ஒட்டியது தானே என்று தெரிந்தும், சயனைடு சீட்டு ஒட்டிய புட்டியின் சர்க்கரையைக் கரைத்த நீரைக் குடிக்கத் தயங்கினார். கேம் மாஸ்டர் ஒரு பண்டத்துக்குக் கொடுக்கும் பெயர் விளையாட்டுக்காகத்தான் என்றாலும், நாக்கு அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது. அருவருப்பு ஒருமுறை ஒட்டிக்கொண்டால் ஆட்டம் முடிந்ததும் கழன்றுவிடும் என்று உறுதி சொல்ல முடியாது. பூதத்தின் மூளை என்று சொல்லிக் கொடுத்த பன்னீரை அதற்குப் பிறகு வீட்டில் தொடாத பிள்ளை இருக்கக்கூடும்.

நான்காம் நிலைப்பாடு: யாருக்கு விசித்திரம்?

இங்கிருந்துதான் கடுமையான விமர்சனம் தொடங்குகிறது. 1992-இல் அமெரிக்க எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் எழுதிய ஒரு கட்டுரை, பிற பண்பாடுகளை மந்தமான தன் வாழ்வுக்குத் தாளிப்பாகச் சேர்த்துக்கொள்ளும் மனநிலையைச் சாடியது. 2003-இல் தத்துவவியலாளர் லிசா ஹெல்ட்கி ‘எக்ஸாடிக் அப்பெட்டைட்ஸ்’ நூலில், புதிய உணவைத் தேடி அலையும் தன்னுடைய ஆர்வத்தையே கூண்டிலேற்றினார். ஒருவரின் அன்றாடச் சோற்றை இன்னொருவர் சாகசமாக உண்ணும்போது, அந்த முதலாமவர் மனிதராகத் தெரியாமல் போகிறார் என்பதே இவ்விமர்சனத்தின் சாரம்.

இந்தியர்களுக்கு இதை விளக்க ஒரு படமே போதும். 1984-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆஃப் டூம்’ படத்தில் இந்திய அரண்மனை விருந்து ஒன்று வருகிறது. பெரிய பாம்பின் வயிற்றைக் கீறினால் உயிருள்ள குட்டிப் பாம்புகள், சூப்பில் மிதக்கும் கண்கள், குளிரவைத்த குரங்கு மூளை. இந்திய அரசு கதையில் மாற்றம் கேட்டதால் படப்பிடிப்பு இலங்கையில் கண்டிப் பக்கம் நடந்தது. எந்த இந்திய வீட்டிலும் இல்லாத ஒரு விருந்து, உலகத்தின் பெரும்பகுதிக்கு இந்திய உணவாகவே பல காலம் நின்றது.

நம் சொந்த ஊர்களுக்குள்ளும் இதே கணக்கு உண்டு. முதல் மழைக்குப் பிறகு விளக்கடியில் மொய்க்கும் ஈசலைப் பிடித்து, சிறகு போக்கி, அரிசியோடு வறுத்துத் தின்பது தமிழக, ஆந்திரக் கிராமங்களில் பழைய வழக்கம். வயல் எலியை உண்ணும் இருளர், ஏனாதி மக்களை அந்த உணவை வைத்தே இழிவாகப் பேசுவதும் பழைய வழக்கம்தான். ஸ்ரீஹரிக்கோட்டா ஏவுதளத்துக்காக இடம்பெயர்க்கப்பட்டவர்களில் ஏனாதிகளும் இருந்தார்கள். நிலம் போன பிறகும் அந்த ஏளனம் மட்டும் அவர்களை விட்டுப் போகவில்லை. நகரத்து மேசை ஒன்றில் வறுத்த ஈசலைக் காட்டுமிராண்டி இனத்தின் உணவு என்று பரிமாறினால், அது கற்பனை உலகத்தைப் பற்றிய கூற்றாக மட்டும் நிற்காது.

விமர்சனத்துக்கும் எல்லை உண்டு. அதை அப்படியே நீட்டினால், தனக்குப் பழகாத எதையும் யாரும் மகிழ்ச்சியோடு சுவைக்கக்கூடாது என்ற முடிவுக்கு இழுத்துச் செல்லும். புதிய உணவைப் பற்றிய ஆவலும் அதை உண்பவரைப் பற்றிய இளக்காரமும் ஒன்றல்ல. இரண்டையும் எங்கே பிரிப்பது என்பதில் ஹூக்ஸைப் பின்பற்றுகிறவர்களிடையேயும் ஒருமித்த கருத்து இல்லை.

ஸ்ரீ சிட்டி: ஒரு பொருத்தமான களம்

யாருக்கு விசித்திரம் என்ற கேள்வியைச் சோதித்துப் பார்க்க ஸ்ரீ சிட்டி போன்ற இடம் குறைவு. சென்னைக்கு வடக்கே, தமிழக எல்லையைத் தாண்டியதும், சத்தியவேடு, வரதய்யபாளையம், தடா வட்டாரத்தில் 2008 முதல் வளர்ந்த தொழில்நகரம் அது. முன்பு சித்தூர், நெல்லூர் மாவட்டங்களில் இருந்த பகுதி, 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் எல்லைச் சீமை. இசுசு, கோபெல்கோ, டைகின் போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் ஆலைகள் இங்கே உள்ளன. மாண்டலீஸின் கேட்பரி சாக்லெட் ஆலை 2016-இல் திறக்கப்பட்டது. 2013-இல் தொடங்கிய ஐஐஐடி, 2018-இல் தொடங்கிய கிரியா பல்கலைக்கழகம் ஆகியவற்றின் விடுதிகளுக்கு நாட்டின் எல்லாத் திசையிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு ரோல்பிளே மேசை கூடினால், அதைச் சுற்றி ஒரு பஞ்சாபி மாணவர், ஒரு சத்தியவேட்டுத் தமிழர், ஒரு நெல்லூர்க்காரர், ஒரு ஜப்பானியப் பொறியாளர் என்று அமர வாய்ப்புண்டு. அவர்களுக்கு முன்னால் நுங்கை வைத்துப் பார்க்கலாம். பனங்காயைச் சீவினால் மூன்று குழிகள், ஒவ்வொன்றிலும் நீர் தளும்பும் கண்ணாடிச் சதை. வேற்றுலக உயிரின் மூன்று கண்கள் என்று கேம் மாஸ்டர் சொன்னால் பஞ்சாபி நம்பக்கூடும். சத்தியவேட்டுக்காரர் சிரித்துவிட்டு, விரலால் தோண்டி உறிஞ்சும் வித்தையைக் கற்றுக்கொடுப்பார். நாட்டோவை வைத்தால் இருவரும் முகம் சுளிக்க, ஜப்பானியருக்கு அது காலைச் சாப்பாடு. சித்தூர்ச் சீமையின் ராகி சங்கட்டி இன்னொரு வகை. உடன் அமர்ந்திருப்பவர்களுக்கு அது பண்டமாகப் புதிதல்லாமல் இருக்கலாம், ஆனால் உருண்டையைக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்கும் முறை புதிது. குள்ளர் நாட்டுக் காவலர்களின் உணவுக்கு இதைவிடத் தோதான பழக்கத்தைக் கற்பனை செய்வது கடினம்.

வடிவமே கதையாகும் பண்டத்துக்கு ஆந்திரம் தரும் நல்ல எடுத்துக்காட்டு பூதரேகுலு. கோனசீமையின் ஆத்ரேயபுரத்துப் பூதரேகுலுவுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பானையைக் கவிழ்த்து வைத்து, அடியில் காய்ந்த ஓலையால் தீ மூட்டுகிறார்கள். நீர்த்த அரிசி மாவில் தோய்த்த துணியைச் சூடான பானையின் முதுகில் ஒரே இழுப்பாக இழுக்கிறார்கள். நொடியில் வெந்து, காகிதத்தைவிட மெல்லிய ஏடு உரிந்து வருகிறது. அதில் நெய் தடவி, சர்க்கரையோ வெல்லமோ தூவி மடிக்கிறார்கள். பார்வைக்குச் சுருட்டிய பழஞ்சுவடி. மந்திரச் சுவடியைப் படித்ததும் அது அழிந்துவிடும் என்பது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் பழைய விதி. படித்துவிட்டுத் தின்றுவிடலாம் என்றால் விதியும் பண்டமும் ஒன்றோடொன்று பொருந்திவிடுகின்றன.

இந்த எடுத்துக்காட்டில் கவனிக்க வேண்டியது, பூதரேகுலு யாருக்கும் அருவருப்பானது அல்ல, மேசையில் இருக்கும் ஆந்திரருக்குப் புதியதும் அல்ல. ஆனாலும் கதையில் அதற்கு ஒரு வேலை இருப்பதால் எல்லோருக்கும் அது வேறொன்றாகிறது. பகாசுரன் வண்டியின் சோறும் அப்படித்தான்.

மேசையின் நடைமுறை எல்லைகள்

கோட்பாட்டைவிட நடைமுறை சில முடிவுகளைத் தெளிவாகச் சொல்கிறது. முதலாவது உடல்நலம். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பூச்சி உணவுகளும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், இரண்டிலும் ட்ரோபோமயோசின் என்ற ஒத்த புரதம் இருப்பதே காரணம். சிங்கப்பூர் 2024 ஜூலையில் 16 வகைப் பூச்சிகளை உணவாக அனுமதித்த பிறகு, அங்குள்ள தமிழர்களின் மேசைக்கும் இது வெறும் கற்பனைச் சிக்கல் அல்ல. நாட்டோவில் வைட்டமின் கே மிகுதி. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். என்ன பண்டம் என்று சொல்லாமல் வாயில் போடச் சொல்வதை எந்தக் கதைச் சுவையும் நியாயப்படுத்தாது.

இரண்டாவது நோன்பும் விலக்கும். சைவம், ஹலால், சமண விலக்குகள், கார்த்திகை விரதம் என ஒரு மேசையில் நாலு பேர் இருந்தால் நாலு கணக்கு. இதில் திருப்பதிக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் உண்டு. 2009-இல் புவிசார் குறியீடு பெற்ற திருமலை லட்டு இந்த வட்டாரத்தில் எளிதாகக் கிடைப்பது. அதைக் கதையில் உயிர்காக்கும் மருந்துருண்டையாகக் கொடுக்கலாமே என்று யாருக்காவது தோன்றலாம். ஆனால் பிரசாதத்துக்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது, அதன்மேல் விளையாட்டின் பொருளை ஏற்றினால் பலரும் மனம் நோவார்கள். திரௌபதி அம்மன் விழாவில் கதைப் பண்டமும் பிரசாதமும் ஒன்றாக இருக்க முடிவது, அங்கே ஆடுவதும் வழிபாடு என்பதால்தான்.

மூன்றாவது கை. நம் உணவு பெரும்பாலும் விரலால் உண்பது, பகடையும் தாளும் அதே விரலால் தொடுவது. நெய் ஒழுகும் பண்டம், ஆட்டக்காரர் தம் கதாபாத்திரத்தின் விவரங்களை எழுதி வைத்திருக்கும் தாளை ஒரே அமர்வில் பாழாக்கிவிடும். அனுபவப்பட்டவர்கள் கதையில் ஓய்வு வரும் இடத்தில், சத்திரத்திலோ முகாமிலோ, ஆட்டத்தை நிறுத்தி உண்டுவிட்டுக் கைகழுவித் தொடர்வதை விரும்புவது இதனால்தான்.

மதிப்பீடு

நான்கு நிலைப்பாடுகளையும் சேர்த்துப் பார்த்தால், எதுவும் முழுதாகத் தோற்கவில்லை, எதுவும் தனியாக நிற்கவும் இல்லை. தீனி கவனத்தைக் கலைக்கும் என்ற முதல் தரப்பின் அச்சம், கதையில் வேலை இல்லாத பண்டத்துக்குப் பெரிதும் பொருந்துகிறது. சுவை கதைக்கு வாசலாகும் என்ற இரண்டாம் தரப்பின் நம்பிக்கை, அந்த மேசைக்காரர்களின் நாக்கைக் கணக்கில் எடுக்கும்போது மட்டுமே பலிக்கிறது. விசித்திரத்தையே நாடும் மூன்றாம் தரப்பு, வியப்பையும் அருவருப்பையும் ஒன்றாகக் கருதுகிறது. நான்காம் தரப்பின் எச்சரிக்கை வலுவானது, ஆனால் எதைச் செய்யலாம் என்பதைவிட எதைச் செய்யக்கூடாது என்பதையே அது அதிகம் சொல்கிறது.

தீராத கேள்விகளும் உண்டு. என்ன பண்டம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் வியப்பு எஞ்சுமா? ஒருவரின் வீட்டு உணவைத் தெய்வ உலக உணவாக உயர்த்திக் காட்டுவது மரியாதையா, அதுவும் இன்னொரு வகை விலக்கி வைத்தலா? வழிபாட்டுச் சூழல் இல்லாத மேசையில், கூத்துத் தெருவின் அந்த இருதள அனுபவம் எவ்வளவு தூரம் சாத்தியம்? இவற்றுக்கு மேசைக்கு மேசை விடை மாறலாம், மாறவும் வேண்டும்.

இத்தனைக்கும் இடையில் ஒன்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்: பண்டத்தின் அபூர்வம் அல்ல, கதையில் அதற்கு இருக்கும் இடமே அதை வேற்றுலக உணவாக்குகிறது. ஆகவே ஸ்ரீ சிட்டி விடுதியிலோ வேறெங்கோ மேசை போடுகிறவர்கள், இறக்குமதிப் பாக்கெட்டுகளைத் தேடி அலைவதற்கு முன் பக்கத்துச் சாலையோரத்தில் விற்கும் நுங்கையும் பனங்கிழங்கையும் பார்க்கட்டும். அதற்கும் முன்னால், யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது, எது விலக்கு, எது தம் வீட்டுச் சோறு என்று மேசையில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடட்டும்.